ஃபுல் டேங்க் பூசை

எண்பதாம் ஆண்டில் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் தலவாக்கலையில் வந்து இறங்கியிருந்தால், இந்த ஊரில் மனிதர்களைவிடக் கார்களுக்குத்தான் பக்தி அதிகம் என்று நினைத்திருப்பீர்கள். டவுனுக்கு வெளியே, நுவரெலியா ரோட்டோரம், ஒரு தகரக் கொட்டிலின் முன்னால் விடிந்ததும் வரிசை நின்றுவிடும். டட்சன், டொயோட்டா, மஸ்டா. எல்லாம் ஜப்பான்காரன் பெற்று, பல கை மாறி, மலையேறி வந்த கிழங்கள். ஒன்றுக்குக் கதவைக் கம்பியால் கட்டியிருக்கும். ஒன்றுக்கு மட்கார்டு தகர டின்னை வெட்டி ஒட்டியது. மழையில் நனைந்தபடி, முகத்தில் சாமந்தி மாலையோடு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைப் போல அவை பேசாமல் நிற்கும்.

கொட்டிலுக்குள் இருந்தவர் ஸ்டேரிங் சாமியார். பழைய லொறி ஒன்றின் ஸ்டேரிங் வளையத்தைக் கழுத்தில் மாலையாக மாட்டியிருப்பார். அருள் வந்தால் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவார். வலப்பக்கம் திருப்பினால் நன்மை. இடப்பக்கம் திருப்பினால் செலவு. சாமியாருக்கு இடப்பக்கம் திருப்பித்தான் பழக்கம்.

அவர் கண்டுபிடித்த பேயும் சாதாரணப் பேய் இல்லை. வெள்ளைக்காரத் துரை. நானுஓயா ஏற்றத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்தவர். யுத்தத்தில் அவருடைய தம்பியை ஜப்பான்காரன் சுட்டுவிட்டானாம். அந்தக் கோபத்தில், ஏற்றத்தில் வருகிற ஜப்பான் கார்களை மட்டும் பிடித்து நிறுத்துகிறாராம். ஆஸ்டின், மொரிஸ் வந்தால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவாராம். உண்மைதான், இங்கிலீஷ் கார்கள் நிற்கவில்லை. அவை சாமியாரிடம் வரவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

பாதுகாப்புக்கு சாமியார் ஒரு பொட்டு வைப்பார். பெட்ரோல் மூடியின் நடுவில், கட்டைவிரல் பருமனில் சந்தனம். அது இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, டேங்க் நிறைந்திருக்க வேண்டும். அரைக் கிளாஸை நீட்டினால் எந்தத் துரை வாங்குவார்? அரை டேங்கோடு வருவது அவரை அவமதிப்பது.

பொட்டோடு புறப்படும் கார் லிந்துலை தாண்டும். நானுஓயா ஏற்றத்தில் பாதி ஏறும். பிறகு இருமும், திக்கும், நின்றுவிடும். நிற்கிற வளைவுக்குப் பக்கத்திலேயே ஒரு தேநீர்க் கடை. அதில் சாமியாரின் சீடன் சின்னராசா, ஒரு கையில் வடையும் மறு கையில் விபூதித் தட்டுமாக உட்கார்ந்திருப்பான். ஞானக்கண்ணால் பார்த்து சாமிதான் அனுப்பினார் என்பான். மந்திரம் சொல்வான். பெட்ரோல் மூடியை மெதுவாகத் திருகுவான். உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சீறல் கேட்கும். துரை வெளியேறுகிறார். பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பொட்டு தன் வேலையை முடித்துவிட்டது என்று சொல்லி அதைத் துடைத்து எறிவான். கார் கிளம்பிவிடும். கட்டணம் பிறகு.

பொட்டு வைத்த பிறகும் ஏன் நின்றது என்று கேட்டவர்கள் உண்டு. பொட்டு இல்லாவிட்டால் இந்நேரம் பள்ளத்தில் கிடந்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. கேட்டவர்கள் நடுங்கி, அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்கள்.

இப்படி வெள்ளி தவறாமல் வந்தவர்களில் ஒருவன் லியனார்ட். வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்து, வேலை வாங்கும் கண்டாக்கையாவின் வசவைக் கேட்டு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறியவன். அதிலிருந்து அவனை வெளியே கொண்டுவந்தது ஒரு கிழட்டு டட்சன். வாங்கும்போதே அதற்குப் பச்சை நிறம் பாதி, துரு பாதி. அதை வைத்துத்தான் வாடகைக்கு ஹயர் ஓடினான்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு எஞ்சின் மேல் கவிழ்ந்துவிடுவான். பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷால் தேய்ப்பான். பொயின்ட் இடைவெளியை பிளேடு வைத்து அளப்பான். கார்பரேட்டரின் சின்னத் துளைகளை வாயால் ஊதி, பெட்ரோல் ருசியோடு சோறு தின்பான். காரோடு வந்த ஜப்பான்காரனின் புத்தகத்தில் படம் பார்த்தே எண்ணெய் மாற்றப் பழகினவன்.

சாமியார் வந்த பிறகு அதெல்லாம் எதற்கு? ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செப்புத் தகடு மாட்டினான். காற்றைத் தகடு மறைத்ததில் எஞ்சின் கொதித்தது. துரையின் கோபம் என்றார்கள். தகட்டுக்கு மேல் எலுமிச்சை மாலை போட்டான். இன்னும் கொதித்தது. துரைக்கு இன்னும் கோபம். டாஷ்போர்டில் இருந்த அந்தோனியார் படம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

அடுத்தடுத்து மூன்று வாரம் ஏற்றத்தில் டட்சன் நின்றது. மூன்றாவது வாரம் சாமியார் ஸ்டேரிங்கை இடப்பக்கமாக முழுச் சுற்று சுற்றினார். துரை இனி இறங்கமாட்டாராம். பின் சீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டாராம். ஒருநாள் முன் சீட்டுக்கு வந்து தானே ஓட்டுவாராம், ஓட்டுகிற இடம் பள்ளமாக இருக்குமாம். அடுத்த வெள்ளிக்குள் வண்டியைக் கொட்டிலுக்கு ஒப்படைத்துவிட வேண்டும். சாமியார் அதைக் கண்டிக்குக் கீழே அனுப்பிவிடுவார். அங்கே வெயில் துரைக்கு ஒத்துக்கொள்ளாது. இப்படி ஒப்படைக்கப்பட்ட கார்கள் கொட்டிலுக்குப் பின்னால் ஏற்கெனவே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகக் கீழே போய், நல்ல விலைக்கு விற்கப்பட்டு, பேயில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

லியனார்ட் அன்று வீட்டுக்கு வந்து காருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி போனால் திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களம்தான். அதே கண்டாக்கையா, அதே வசவு. மழை கொட்டியது.

அவன் மனைவி பெற்றீசியா பிள்ளை மடுவத்தில் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் தோட்டத்துக் கைக்குழந்தைகளை எல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான். வேலை முடிந்து வந்தவள், முதலில் கணவனைப் பார்த்தாள், பிறகு காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வீடு போய்ச் சேரும்வரைக்கென்று அன்று சாமியார் கடைசியாக வைத்துவிட்ட பொட்டிலிருந்து, மழையில், வெள்ளையாக ஏதோ வழிந்து பம்பர் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சந்தனம் எங்கயாவது நொரைக்குமா?"

"சாமி சந்தனம். நொரைக்கும்."

அவள் அதில் கொஞ்சம் வழித்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாள். நாள் முழுக்கக் குழந்தைத் துணி துவைக்கிற கை அது.

"இது துணி சவுக்காரங்க. சந்தனம் மேலாப்புல வாசத்துக்கு."

லியனார்ட்டும் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். பெட்ரோல் எல்லாவற்றையும் கரைக்கும், சவர்க்காரத்தைக் கரைக்காது. வழியில் டேங்க் ஒழுகினால் டிரைவர்கள் சவர்க்காரத்தைப் பிசைந்துதான் அடைப்பார்கள். அவனே எத்தனையோ முறை அடைத்திருக்கிறான். கைக்குத் தெரிந்ததைத் தலைக்குச் சொல்ல அவன்தான் இடம் கொடுக்கவில்லை.

பெற்றீசியா பொட்டை முழுதாகத் துடைத்தாள். அடியில் ஊசித் துளை ஒன்று தெரிந்தது. இது எதற்கு என்று கேட்டாள். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், போகாவிட்டால் பம்பால் உறிஞ்ச முடியாது என்று, தேவாலயத்தில் ஞானோபதேசம் ஒப்பிப்பதைப் போல லியனார்ட் சொன்னான். சொல்லிவிட்டு அவனே திகைத்தான்.

"புள்ளைக்குப் பால் போத்தல் குடுக்கையில மூடிய இறுக்கிட்டா என்னாகும்?" என்றாள் அவள். "உறிஞ்சி உறிஞ்சிப் பாத்துட்டு வீல்னு கத்தும். மூடியக் கொஞ்சம் தளத்துனா ஸ்ஸுனு காத்து உள்ள போவும், பால் வரும். மடுவத்துல தெனமும் இந்தத் தொரையத்தாங்க நான் வெளியேத்திக்கிட்டு இருக்கேன்."

"அது போத்தல். இது டட்சன்," என்றான் லியனார்ட்.

பயந்தவனிடம் வாதம் செய்து பலனில்லை என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வண்டியை ஒப்படைக்கப் போகும்போது தானும் வருவதாக மட்டும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நுவரெலியாவில் ஒரு முதலாளியின் புது பஸ்ஸுக்குப் பூசை. சாமியார் தன்னுடைய வெள்ளை டொயோட்டாவில் முன்னால் போக, பக்தர்களின் கார்கள் பின்னால் ஊர்வலமாக வருவதாக ஏற்பாடு. லியனார்ட் வெற்றிலையில் சாவியை வைத்து நீட்டினான். பெற்றீசியா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"சாவிய நுவரெலியாவுலயே குடுக்குறோம் சாமி. கடைசியா ஒருக்கா அவரு ஓட்டிக்கிட்டு வரட்டும்."

சாமியார் பெருந்தன்மையோடு தலையசைத்தார். துரை குடியேறிவிட்ட வண்டிக்கு இனி பொட்டு தேவையில்லை என்றும் சொன்னார். அப்போதுதான் அவள் டொயோட்டாவைச் சுற்றி வந்து, சாமி வண்டிக்கும் பொட்டு இல்லையே என்று எல்லோருக்கும் கேட்கும்படி வருத்தப்பட்டாள்.

"எனக்கும் தொரைக்கும் ஒப்பந்தம் இருக்கும்மா. எனக்குப் பொட்டு வேணாம்."

"ஒப்பந்தம் இருந்தா நல்லதுதானுங்க. பொட்டு வச்சா ஒப்பந்தம் தேஞ்சா போயிரும்?"

வரிசையில் முதலில் நின்ற முத்துலிங்கம், மஸ்டாக்காரர், சாமியாரின் மூத்த பக்தர், அந்தப் பிள்ளை சொல்வதும் சரிதானே என்றார். கூட்டம் ஆமாம் போட்டது. சாமியார் பதில் தேடுவதற்குள் பெற்றீசியா அவருடைய சொந்தக் கிண்ணத்திலிருந்தே சந்தனத்தை வழித்து, பயபக்தியோடு, பெட்ரோல் மூடியின் நடுவில் அழுத்தி அப்பிவிட்டாள். டேங்கும் நிறைந்திருந்தது. இல்லாமல் எப்படி? ஊருக்குச் சட்டம் போட்டவரே அரை டேங்கோடு வரலாமா?

ஊர்வலம் புறப்பட்டது. ஒரு மைல் போவதற்குள் சாமியாருக்கு ஒன்றுக்கு வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினார். இறங்கியவர் பின்பக்கமாக நடந்தார். அங்கே பெற்றீசியா கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். சாமியார் திரும்பிப் போய் ஏறிக்கொண்டார். லிந்துலையில் மறுபடியும் ஒன்றுக்கு வந்தது. மறுபடியும் அவள். இத்தனை பக்தி அவரைத் தொந்தரவு செய்தது இதுவே முதல் தடவை.

நானுஓயா ஏற்றத்தின் பாதியில் வெள்ளை டொயோட்டா இருமியது. திக்கியது. நின்றுவிட்டது. பின்னால் வந்த பொட்டு வைத்த கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. நிரந்தரமாகத் துரை குடியிருந்த டட்சன் மட்டும், பொட்டே இல்லாமல், ஒரு குறையுமில்லாமல் ஏறி வந்து அதன் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. லியனார்ட் முதலில் டட்சனைப் பார்த்தான். பிறகு டொயோட்டாவைப் பார்த்தான். தலைக்குள் ஏதோ ஒன்று வெகுநாளைக்குப் பிறகு கிளம்பியது.

அந்தோனியாரைக் கும்பிடும் வேதக்காரப் பெண் தொட்டதால் துரைக்குக் கோபம் வந்துவிட்டது என்றார் சாமியார். நல்ல யோசனைதான். கூட்டத்தில் சிலர் பெற்றீசியாவை முறைக்கவும் தொடங்கினார்கள். தேநீர்க் கடையிலிருந்து விபூதித் தட்டோடு ஓடிவந்த சின்னராசா, பழக்க தோஷத்தில் நேராகப் பெட்ரோல் மூடிக்கே கையை நீட்டினான்.

"அதத் தொடாத தம்பி," என்றாள் பெற்றீசியா. "தொரைய மந்திரத்தாலதான வெளியேத்துறீங்க? சொல்லுங்க. மூடி அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அது நியாயமாகத்தான் பட்டது முத்துலிங்கத்துக்கு. சாமியார் மந்திரம் சொன்னார். ஸ்டேரிங்கை வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் திருப்பினார். துரையின் பாஷையில் "கெட் அவுட்" என்றும் அதட்டிப் பார்த்தார். சாவியைத் திருகினால் வண்டி கொஞ்சம் உறுமி, மறுபடி அடங்கியது. மழை பிடித்துக்கொண்டது. மூடியிலிருந்து நுரை வழியத் தொடங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

பெற்றீசியா கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க போயித் தொறங்க. மந்திரம் ஒன்னும் சொல்லாதீங்க."

லியனார்ட் நடந்தான். அத்தனை கண்களும் அவன் முதுகில். சும்மா திறக்கவும் பயமாக இருந்ததால், வாய்க்கு வந்ததைச் சொன்னான். பஸ் கண்டக்டர் கூவுவதைப் போல, "தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா, நுவரெலியா" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்.

அதே சீறல். அதே நீளம். அவனே சாமியாரின் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். டொயோட்டா இரண்டு தரம் முனகிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

முத்துலிங்கம் மழையில் இறங்கி வந்து, திறந்த மூடியை எட்டிப் பார்த்தார்.

"தொரை வெளிய போயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார் முத்துலிங்கம்.

"வெளிய யாரும் போகலண்ணே," என்றான் லியனார்ட். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "காத்து உள்ள போச்சு. மூடியில இருக்குற ஓட்டைய சவுக்காரம் போட்டு அடைச்சு, இந்த ஆளு நம்மளையே வழியில நிக்க வச்சிருக்கான். டேங்க் நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே இல்ல, ஏத்தம் முடியறதுக்குள்ள நின்னுரும். எனக்குத் தெரிஞ்ச வேலதான். தெரிஞ்சுகிட்டே ஏமாந்திருக்கேன்."

ஒவ்வொருவராகத் தங்கள் காரின் பின்னால் போய்க் குனிந்தார்கள். விரலால் தேய்த்தார்கள். ஏற்றம் முழுக்க நுரை. சின்னராசா வடையோடு எப்போது மறைந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. சாமியாரும் மறையப் பார்த்தார். ஆனால் ஸ்டேரிங் வளையத்தைக் கழற்றினால்தான் தேயிலை மலைக்குள் புகுந்து ஓட முடியும். அது காதில் மாட்டிக்கொண்டது. முத்துலிங்கம் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கமாகத் திருப்பி, தலவாக்கலை நோக்கி நடத்தினார். அன்று மாலைக்குள் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற கார்கள் உடையவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மிச்சத்தைப் பொலிஸ் பார்த்துக்கொண்டது.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் லியனார்ட்டின் பேர் இல்லை. அவன் செப்புத் தகட்டைக் கழற்றி வீசிவிட்டு, குளிர்ந்த எஞ்சினோடு ஹயர் ஓடிக்கொண்டிருந்தான்.

இப்போதும் சிலர் சொல்கிறார்கள். துரை இருந்தது நிஜம்தானாம். பெற்றீசியாவுக்குப் பயந்துதான் ஓடினாராம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான்காரன் ஒரு பெட்ரோல் டேங்குக்குக்கூடக் காற்றுப் போக வழி வைத்துத்தான் அனுப்பினான். உங்கள் தலைக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. அதன் மேல் யாராவது சந்தனம் அப்ப வந்தால், முதலில் கொஞ்சம் வாங்கி, நுரைக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள்.