தையற்காரர் கால்

“அண்ணாச்சி, அந்தச் சுவத்துல பாதி எனக்கும் சொந்தம்!”

தகரச் சுவருக்கு அப்பாலிருந்து அப்துல் வாஹித் கத்தியதில் அய்யாத்துரை விழித்துக்கொண்டார். தாராவியில் ஒற்றை அறை வீடு. புருஷனும் பெண்டாட்டியும் அருகருகே படுத்துக் காலை நீட்டினால், நாலு பாதமும் அடுத்த வீட்டுச் சுவரில் இடிக்கும்.

“திரும்பவும் ஒதைச்சிட்டீங்களா?” முனகினாள் முப்பிடாதி. “எங் காலெல்லாம் கன்னிப் போச்சு.”

அவர் காலும் கன்னித்தான் போயிருந்தது. ஆனாலும் பழியைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். முப்பது வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிற கால். பழக்கத்தில் தூக்கத்திலும் மிதித்தால் அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

பகலெல்லாம் கண் சொருகியது. பள்ளிக்கூடத்து ஆர்டர், அறுபது கால்சட்டை. அதில் ஒன்பதுக்குப் பாக்கெட்டின் வாயையே தைத்து மூடிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கோவண்டியில் இருக்கிற வேறொரு தையற்காரனுக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

“மிஷினுக்கு மோட்டார் மாட்டுங்க. காலுக்கு ரெஸ்ட்டு” என்றாள் முப்பிடாதி.

மாட்டினார். உதை கூடியது.

“பகல்ல சும்மா கெடக்குற காலு, ராத்திரி ஓவர்டைம் பாக்கு” என்று முப்பிடாதியே விளக்கமும் சொன்னாள்.

அடுத்து, பாவாடை நாடாவால் தன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தார். விடிந்து பார்த்தால் முடிச்சு போட்டபடியே இருந்தது. தகரத்தில் மட்டும் புதிதாக ஒரு பள்ளம்.

“ரெண்டையும் சேத்து ஒதைச்சிருக்கீங்க. என்னா வைராக்கியம்!”

மாட்டுங்காவிலிருந்த டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். “ரத்தத்துல சர்க்கரை ஏறினாலும் சில பேருக்குக் கால் இப்படி ஓயாது. வேற காரணமும் இருக்கலாம். வெறும் வயித்துல டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.”

ஆயுசு முழுக்க ஊசியால் பிழைத்தவர், தன் உடம்பில் ஊசி என்றதும் வெளிறிப்போனார்.

“டெஸ்ட் எதுக்கு? சர்க்கரையேதான்” என்று முப்பிடாதி அவரைக் காப்பாற்றினாள். “இனிமே ஒங்களுக்கு இனிப்பே கெடையாது.”

அன்று முதல் அவருக்குச் சப்பென்ற டீ. கல்யாண் ஊரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த மைசூர்பாகை மோந்துதான் பார்த்தார். வீணாக்கக் கூடாதென்று அவர் பங்கையும் முப்பிடாதியே தின்றாள். “எல்லாம் ஒங்களுக்காகத்தான்” என்றாள், நாலாவது துண்டில்.

அந்த வாரம் உதை உச்சத்துக்குப் போனது. பாவம், அவள் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அந்தப் பழியும் அவர் காலுக்கே.

“ஏளா, நான் கடையில படுத்துக்கிடுதேன். நீயாவது தூங்கு.”

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தனிப் படுக்கை. பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர், துணிக் குவியலுக்கு நடுவில் மரக்கட்டையாகத் தூங்கினார்.

காலையில் திரும்பி வந்தால் முப்பிடாதி கண் சிவந்து, தன் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க இல்லாமலும் தூக்கம் வரலங்க.”

அய்யாத்துரை உருகிப்போனார். இப்படிப்பட்டவளையா இத்தனை நாள் உதைத்தோம்!

அப்துல் வாஹித் சுத்தியலோடு வாசலில் வந்து நின்றார். “அண்ணாச்சி, ராத்திரி ஒதைச்ச ஒதையில தகரமே பிஞ்சு போச்சு.”

“ராத்திரி நான் கடையிலல்லா படுத்திருந்தேன்!”

அப்துல் வாஹித் சுத்தியலால் தலையைச் சொறிந்தார்.

“அதான பாத்தேன்... தகரத்தைப் பிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குள்ள வந்த காலுல மெட்டி கெடந்துச்சே!”