பாஸ்கலின் கார் பத்திரமாக இருக்கிறது

கார்த்திகேசுவின் கார் காணாமல் போன அன்று பாஸ்கல் ஒரு முடிவுக்கு வந்தார். இனி தன் காரை ஓட்டுவதில்லை. ஓட்டினால்தானே எங்காவது நிறுத்த வேண்டும்? நிறுத்தினால்தானே திருடுவான்?

கார்த்திகேசு ஈப்போவின் புந்தோங் பகுதியில் பாஸ்கல் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பட்டப்பகலில் கோயில் வாசலில் காரை விட்டுவிட்டு உள்ளே போனார். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது கார் நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திருடன் ஒரு கொத்து பழைய சாவி வைத்திருப்பானாம். ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பானாம். ஏதாவது ஒன்று திறந்துகொள்ளுமாம்.

பாஸ்கல் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஈப்போ டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சரக்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி. நாற்பத்திரண்டு வயதில், அவர் பரம்பரையிலேயே முதன்முதலாக நாலு சக்கரம் வாங்கியவர். பழைய கார்தான், ஆனாலும் வெள்ளைக் கார். அதைப் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் காரைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார். கார் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மட்டும் வெளியே வரும்.

கடையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் அப்பாவு தலையை நீட்டிப் பார்த்து, கார் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனதும் அப்பாவு போனை எடுத்தவுடன் ஹலோவுக்குப் பதிலாக "இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

அதுவும் போதாமல் பாஸ்கல் காருக்கு அலாரம் பூட்டினார். எண்பத்தெட்டாம் வருஷத்தில் ஈப்போவில் அது புதுச் சரக்கு. தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட்டு, அதில் ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் கார் 'கீக்' என்று கத்தி நாலு கதவையும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு தடவை அமுக்கினால் திறந்துகொள்ளும். பாஸ்கல் படுக்கையறையிலிருந்து அமுக்கிப் பார்த்தார். சமையலறையிலிருந்து அமுக்கிப் பார்த்தார். குளிக்கப் போன இடத்திலும் சன்னல் வழியாகக் கையை நீட்டி அமுக்கினார்.

அவர் மனைவி பியாட்ரிஸ் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "நான் மூணு தடவ கூப்பிட்டாத்தான் நீங்க என்னான்னு கேப்பீங்க. அது ஒரு அமுக்குக்கே பதில் சொல்லுது. உங்களுக்கும் அப்படி ஒண்ணு பூட்டினா எனக்கு வசதியா இருக்கும்லா."

பியாட்ரிஸுக்கு வேறொரு கவலை இருந்தது. கோப்பெங்கில் அவள் தங்கை பெட்ரீசியா ஆறு மாதக் கர்ப்பிணி. போன தடவை பிள்ளை தங்கவில்லை. புருஷன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான், வீட்டில் வேறு ஆள் கிடையாது. போய்ப் பார்க்க வேண்டுமானால் டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் வெயிலில் நடை. காரில் கொண்டுபோய் விடச் சொல்லி அவள் நாலு தடவை கேட்டாயிற்று. பெட்ரீசியா வீட்டுக்குப் போர்ட்டிகோ இல்லை, காரை ரோட்டோரம் விட முடியாது என்று பாஸ்கல் நாலு தடவையும் சொல்லிவிட்டார். ஐந்தாவது தடவை அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷக் குடும்பத்தில் பாஸ்கல் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு வாலிபன் தன் காரைப் பார்த்து ரிமோட்டை அமுக்கினான். அவன் கார் 'கீக்' என்றது. நாலு கார் தள்ளி பாஸ்கலின் காரும் 'கீக்' என்றது. நாலு கதவும் மரியாதையாகத் திறந்துகொண்டன.

பாஸ்கல் நேராக ரேடியோ ரிப்பேர் செய்யும் சீனியிடம் ஓடினார். ரிமோட்டு காற்று வழியாகக் காருக்கு ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லுகிறது, ஒரே கடைச் சரக்கில் ஒரே சொல்லை இரண்டு பெட்டிக்கு வைத்துவிட்டால் இரண்டு காருக்கும் காது கேட்கும் என்று சீனி விளக்கினான். கெட்டிக்காரத் திருடனாக இருந்தால் அந்தச் சொல்லைக் காற்றிலேயே பிடித்துவிடவும் கூடும் என்றான். தகர டின்னுக்குள் போட்டு மூடினால் சொல் வெளியே போகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தான். பாஸ்கல் சிரிப்பை விட்டுவிட்டு டின்னை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் அவர் ஒரு மைலோ டின்னுடன் பஸ் ஏறினார். உள்ளே ரிமோட்டு இருந்தது. கண்டக்டர் அதைச் சாப்பாடு என்று நினைத்து, இன்றைக்கு என்ன கறி என்று தினமும் விசாரித்தார்.

"டின்னுக்குள்ள இருக்கிறது நம்ம ரிமோட்டு," என்றாள் பியாட்ரிஸ். "கதவைத் திறந்தது அவன் ரிமோட்டு."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் வாசலுக்குப் போனார்.

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே, மீன் துண்டை அவர் தட்டில் வைத்தபடி, சந்தையில் சீனியைப் பார்த்ததாக பியாட்ரிஸ் சொன்னாள். இப்போதெல்லாம் திருடன் அசையாத காரைத்தான் குறி வைக்கிறானாம். ஒரு கார் திங்களிலிருந்து சனி வரை ஒரே இடத்தில் நின்றால், சொந்தக்காரன் பஸ்ஸில் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கணக்கெடுத்துவிடுவானாம். எப்போது கிளம்பும், எப்போது வரும் என்று தெரியாத கார் பக்கம் போகவே மாட்டானாம்.

பாஸ்கலின் கை சோற்றிலேயே நின்றது.

மூன்று நாள் யோசித்தார். காரை வேலைக்குக் கொண்டுபோகலாம் என்றால் கடை இருக்கும் தெரு புந்தோங்கைவிட மோசம். தம்பி டொமினிக்கிடம் கொடுத்தால் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போய்விடுவான். நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும், பகலில் வீட்டில் இருக்கும் ஆளாகவும் இருக்க வேண்டும். நாலாவது நாள் அவருக்கே அது தோன்றியது. தன் மூளையை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது.

"பியாட்ரிஸ், நீ கார் ஓட்டக் கத்துக்கிட்டா என்ன?"

"நானா? எனக்குப் பயமா இருக்குங்க."

அவளைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில், உங்களுக்காக வேண்டுமானால் என்று தலையாட்டினாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். ஆறு வாரத்தில், முதல் சோதனையிலேயே லைசன்ஸ் வாங்கிவிட்டாள். பாஸ்கல் டின்னையும் சாவியையும் அவள் கையில் கொடுத்து, தினமும் எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போகும்படி உத்தரவு போட்டார். அவள் தட்டாமல் கீழ்ப்படிந்தாள். அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கார் போர்ட்டிகோவில் இருந்தது. ஒரு வாரம் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம், வேலை விட்டு வரும் வழியில் நன்றி சொல்ல சீனி கடைக்குப் போனார். சீனி தலையைச் சொறிந்தான்.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலியே அண்ணே. அக்காவைப் பாத்தே நாலு மாசம் இருக்கும்."

பாஸ்கல், இதை பியாட்ரிஸிடம் கேட்டே ஆக வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தார். வீடு பூட்டியிருந்தது. போர்ட்டிகோ காலியாக இருந்தது. எதிர்க் கடைக்கு ஓடினார்.

அப்பாவு நிதானமாகச் சொன்னார்: "அக்கா இப்பதான் போன் பண்ணாங்க. தங்கச்சிக்கு நாள் முந்தியே வலி எடுத்துருச்சாம். இவங்களே ஓட்டிக்கிட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்க. பொம்பளப் புள்ளையாம்."

"காரு?"

"காரைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

கேட்ட பிறகுதான் பாஸ்கலுக்கு, முதலில் எதைக் கேட்டோம் என்று உறைத்தது. அப்பாவுவின் முகத்தைப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தும் இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். அங்கே பல வெள்ளைக் கார்கள் நின்றன, அவருடையது இல்லை. வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு மாடி ஏறினார். பெட்ரீசியா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னதை, பாஸ்கல் வந்ததும் முதல் காரியமாக அவரிடம் சொல்லி அழுதாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அரை மணி அல்ல, ஒன்றரை மணி ஆகியிருக்கும் என்பது தினமும் பஸ்ஸில் போகும் பாஸ்கலுக்குத் தெரியும். பெட்ரீசியாவின் தலையைத் தடவிக் கொடுத்தார். சீனி விஷயத்தைக் கேட்க வாய் வரவில்லை.

தொட்டிலருகே பியாட்ரிஸ் நின்றாள். பாஸ்கல் மெதுவாக அவள் பக்கத்தில் போய், ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"காரை எங்க விட்டுருக்கே?"

"பத்திரமா இருக்கு."

"அதான், எங்க?"

பியாட்ரிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்னா நீங்க போயி அது பக்கத்துலயே நிப்பீங்க. பேசாம இப்படி வந்து புள்ள பக்கத்துல நில்லுங்க."