அப்பப்பாவின் படையலுக்கு வந்த மீன்காரர்

நயினை அம்மன் துணை

புங்குடுதீவு

அன்புள்ள பேரன் ஷாருஜனுக்கு,

அப்பம்மா எழுதிக்கொள்வது. சுகம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பழக்கினவர். அதற்குமேல் நான் படிக்கவில்லை, ஆனபடியால் அதை மறக்கவும் இல்லை. நீ சுகமாய் இருக்கவேண்டும். நானும் சுகம் என்று எழுத இந்தக் கிழமை மனம் வரவில்லை.

முதலில் சந்தோசமானவை. உன் மச்சாள் கஜாலினி லண்டனில் கண் வைத்தியத்துக்குரிய பெரிய சோதனையில் பாஸ். உன் தங்கச்சி கம்சிகா கறுப்பு அங்கி போட்டு வழக்குப் பேசக் கோட்டுக்கு ஏறிவிட்டாள். சிறு வயதில் வாய்க்காரி என்று நாங்கள் ஏசினது வீண்போகவில்லை. நீ ரொறன்ரோவில் மின்சாரப் படச்சட்டம் விற்கிற கொம்பனியில் மேலாளராகி, போன வருசம் ஏதோ ஒரு யோசனை சொன்னதற்காகக் கண்ணாடியில் செய்த பரிசும் வாங்கினாய். என்ன யோசனை என்று தெரியாமலே குறிகட்டுவான் பஸ்ஸில் முன்னுக்கு இருந்தவைக்கும் பின்னுக்கு இருந்தவைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டனான். இப்போது தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பப்பாவின் முதலாம் வருசத் திவசத்துக்கு நீ அனுப்பின படச்சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே படம் போட இங்கே சாமியறையில் வந்து நின்றது. பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாய் வந்து போவீர்கள், நடுவில் அப்பப்பா வருவார். அதற்குள் ஏற்றத்தான் நீ செத்த வீட்டுக்கு வந்திருந்தபோது அவருடைய ஒரேயொரு கடுதாசிப் படத்தையும் வாங்கிக்கொண்டு போனாய். அவருடைய மாத்தறைக் கடையில் ரேடியோக்களுக்கு நடுவில், மேல் பொத்தான் பூட்டாத சேட்டோடு நிற்கிற படம். மற்றப் படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்த நேரம் வீட்டோடு போய்விட்டன. இது மட்டும்தான் என் சேலைத் தலைப்பில் கடல் கடந்தது. "சட்டத்துக்குள்ளை ஏத்தினாப் பிறகு கடுதாசி என்னத்துக்கு அப்பம்மா? உப்புக்காத்துக்குப் பழுதாப் போகும், நான் பத்திரமா வைச்சிருக்கிறன்" என்றாய். நானும் ஓம் என்றுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை இரண்டாம் திவசம். சட்டத்தை நடுவில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்தால், விரல் பட்டவுடன் அப்பப்பா போய்க் கம்சிகா நீச்சல் உடுப்போடு கடற்கரையில் நிற்கிறாள், ஐயர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார், ஒரு மாதிரித் தட்டித் தட்டித் திரும்ப அப்பப்பாவைக் கொண்டுவந்து, ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்க நான் சொல்லி, தலைவாழை இலையில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை, அவருக்குப் பிடித்த பிலாக்கொட்டை எல்லாம் படைத்து, விழுந்து கும்பிட்டு நிமிர்ந்து பார்த்தால் மாலைக்குள் அவர் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரன். இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைவாய்ப் பல்லும் தெரியச் சிரிக்கிறான். மீனின் வால் நேரே வடைக்கு மேலே.

ஐயர் மந்திரத்தை நிற்பாட்டிவிட்டார்.

"ஆரம்மா இது, மச்சத்தோடை?"

பக்கத்து வீட்டுச் சின்னாச்சி எட்டிப் பார்த்து, "பாரை போலை கிடக்கு" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை" என்று எழும்பினார் அப்பப்பாவின் தம்பி தம்பிஐயா. "பாரைக்கு வால் உப்பிடியோ? இது குளத்து மீன்."

"நீர் எந்தக் குளத்திலை பிடிச்சனீர்?"

படைத்த சோறு ஆற ஆற இரண்டு பேருக்கும் மீன் வழக்கு. கடைசியில் தம்பிஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாய்த் தமிழ்ப்படுத்தினார். "உங்கள் ஞாபகங்கள் நித்திரையாகிவிட்டன. உங்கள் அன்புக்குரியவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பச் சந்தாவைப் புதுப்பியுங்கள்." அவ்வளவுதான், சின்னாச்சி மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணை, எங்கை நிண்டு காத்துக்கொண்டிருக்கிறியள்!" என்று தொடங்கிவிட்டாள். செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அதற்கும் கீழே இன்னொரு வரி: இரண்டு வருசத்துக்கு ஒன்றாய்க் கட்டினால் மூன்றாம் வருசம் இலவசமாம். ஐயர் நாடியைத் தடவிக்கொண்டு, "நல்ல முறைதான். நானும் யோசிக்க வேணும்" என்றார். பிறகு நேரம் போகுது என்று சொல்லி, அந்த மனிசனுக்கு முன்னாலேயே திவசத்தை முடித்துவைத்தார்.

போன முறை காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வறண்டது. இந்த முறை வைத்த கையை எடுக்க முதல் வந்துவிட்டது. யாருக்காக வந்த காகமோ தெரியாது. உன் அப்பப்பா பசியோடு திரும்பிப் போனாரோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குகுதில்லை. அந்த மீன்காரன் உயிரோடு இருக்கிறவனாய் இருந்தால் அது வேறு பாவம். அந்தப் பாவம் ஆரைச் சேரும், என்னையோ, கொம்பனியையோ?

பின்னேரம் கஜாலினிக்குப் போன் எடுத்து அழுதேன். அவள் சொன்னாள்: "அம்மம்மா, அதுதான் ஷாருஜன்ரை யோசனை. முதல் வருசம் சும்மா குடுக்கிறது. சனம் பழகினாப் பிறகு மறிச்சுப்போட்டுக் கொம்பனியின்ரை மாதிரிப் படத்தைக் காட்டுறது. தங்கடை ஆக்களின்ரை முகத்தைப் பாக்காமல் சனத்துக்கு இருக்க ஏலாது, கட்டியே தீரும் எண்டு எழுதிக் குடுத்தவன். அதுக்குத்தான் பரிசு."

போனை வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தேன். பெருமை ஒரு பக்கம் வரப் பார்த்தது. வர விடவில்லை.

மோனை, அந்த யோசனை உன்ரை இல்லை. உன் அப்பப்பாவின்ரை. மாத்தறையில் ரேடியோ வாங்க மனமில்லாத வீடுகளுக்கும் அவர் ஒன்றைக் கொண்டுபோய், ஒரு கிழமை சும்மா வைத்துக் கேளுங்கோ, பிடிக்காவிட்டால் திருப்பித் தாங்கோ என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டு வருவார். அடுத்த கிழமை எடுக்கப் போனால் பிள்ளைகள் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக் கத்தும், தகப்பன் காசை எடுப்பான். அப்படித்தான் உன் அப்பா படித்தது, நீ கனடா போனது. ஆனால் எடுக்கப் போகிறபோது அவர் முதலில் படலையில் நின்று பார்ப்பார். வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். "செத்த வீட்டிலை போய்ச் சாமான் தூக்கிறவன் யாவாரியோ?" என்பார். சில ரேடியோ அப்படியே போனதும் உண்டு. உங்கள் அவ்வளவு பெரிய கொம்பனியில் படலையில் நின்று பார்க்க ஒரு ஆள் இல்லையோ?

இன்னொன்று. அவருடைய முகம் எனக்கு மறந்துகொண்டு வருகுது. மூக்கு ஞாபகம் இருக்கு, அந்தப் பூட்டாத பொத்தான் ஞாபகம் இருக்கு. சிரிப்பை நினைத்துப் பார்த்தால் மீன்காரன்ரை சிரிப்புத்தான் வருகுது.

ஆனபடியால் நீ பத்திரமாய் வைத்திருக்கிற அந்தக் கடுதாசிப் படத்தை, வளையாமல் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்பிவிடு. நயினை அம்மன் உனக்கு இன்னும் நல்ல யோசனைகள் தரவேண்டும், அவை எங்கள் வீட்டுப் பக்கம் வராமலும் இருக்கவேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன். அப்பப்பாவின் படத்தோடு உன்ரை புதுப் படம் ஒன்றும் வை. பரிசைக் கையில் பிடித்தபடி, கடுதாசியில்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அப்பம்மா,
ப. சறோஜினிதேவி

பி.கு.: அவசரப்பட்டுச் சந்தாவைக் கட்டிப்போடாதே. கட்டினால் அந்த மீன்காரர் போய்விடுவார் என்று தம்பிஐயா சொல்கிறார். எப்படி என்றாலும் எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டவர், பந்தியில் இருந்து எழுப்பி அனுப்புவது மரியாதை இல்லை. காலமை எழும்பினால் இந்த வீட்டில் சிரிக்கிற முகமும் அது ஒன்றுதான். அப்பப்பாவின் படம் வந்ததும் பக்கத்தில் வைக்கிறேன், இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு இருக்கட்டும். அவருடைய பேரையும் நட்சத்திரத்தையும் உன் கொம்பனிக் கந்தோரில் விசாரித்து எழுது. வருகிற வருசம் ஐயர் கேட்பார்.