பூட்டு சார் கடன் கொடுத்த 312 புத்தகங்கள்

அன்று அந்த அறையில் இருந்தது நாலே பேர்: பழைய புத்தகங்களைக் கழிக்க வந்த கன்னட அதிகாரி, தமிழ்ப் பிரிவின் பூட்டு சார், தினமும் பேப்பர் படிக்க வரும் பிரேசர் டவுன் ரோசி டீச்சர், பைண்டிங் வேலை பார்த்த நான்.

பெங்களூரில் பூட்டு சாரைப் போலப் புத்தகங்களை நேசித்தவரும் இல்லை, வாசகர்களை வெறுத்தவரும் இல்லை. நூறு வயதான அந்த நூலகத்தின் பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். யாராவது புத்தகம் கேட்டால் கையை முகர்ந்து பார்ப்பார்.

"மசால் தோசையா? நாளைக்கு வாங்க."

மறுநாள் போனால், "மழை வர்றாப்ல இருக்கு. புஸ்தகத்துக்கு ஆகாது."

ஒரு சமையல் புத்தகத்துக்கு மூன்று வருடம் அலைந்த டீச்சர் கத்தினார்: "யோவ், அது புஸ்தகமா, உன் பொண்டாட்டி நகையா?"

அதிகாரி கொண்டுவந்த விதி எளிது: ஐந்து வருடம் யாரும் எடுக்காதது எடைக்குப் போகும். தேதிச் சீட்டுகளைப் புரட்டினார். எல்லாமே வெள்ளை.

"ஏன்றீ, ஒருத்தரும் படிக்கலியா?"

"நான் விட்டாத்தானே சார்!" என்றார் பூட்டு சார் பெருமையாக. சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. லாரி நாலு மணிக்கு.

எட்டாவதோடு நின்ற எனக்குச் சட்டம் தெரியாது, பயம் மட்டும் நன்றாக வரும். மனுஷன் விழுந்துவிடுவாரோ என்று நாற்காலியை நகர்த்தினேன்.

"வாசகர் கைல இருக்கறதை எடைக்குப் போட முடியுமா?" என்றார் டீச்சர்.

"அது ஆகல்லம்மா," முடியாது என்று தலையாட்டினார் அதிகாரி.

ஊழியர் கார்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பூட்டு சாரிடம் கார்டே இல்லை, தன்னையே நம்பாதவர். ஆகவே 312 புத்தகங்களும் என் கார்டில், என் பெயரில், ஈஜிபுராவில் என் ஒற்றை அறைக்கு வந்தன.

ஞாயிறுதோறும் வந்து என் பிள்ளைகளின் கையை முகர்ந்தார். வீட்டில் மீன் குழம்புக்குத் தடை. "இங்க நாங்க குடியிருக்கோமா, புஸ்தகமா?" என்றாள் மனைவி.

அடுத்த அதிகாரி வந்து விதியைத் தூக்கிய பிறகே திருப்பினேன். கெடு தாண்டி முந்நூற்றைம்பது நாள். புத்தகத்துக்குத் தினம் பத்துப் பைசா வீதம் 10,920 ரூபாய் அபராதம் என்று சிவப்பு மையில் எழுதி நீட்டினார் பூட்டு சார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

"ரூல்னா ரூல்தாம்பா."

அவர் இறந்த பிறகு, பயந்துகொண்டே நூலகத்தில் என் கணக்குச் சீட்டைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு மாதம், மாதம் நூறு ரூபாய், அவர் கையெழுத்தில் வரவு வைக்கப்பட்டிருந்தது. மிச்சத்தை நான் கட்டவில்லை. கட்டினால் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

பாக்கி: ரூ. 5,720.