புறப்படுமுன் வந்து சேர்ந்த விமானம்

விமானம் கிளம்புவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே வந்து இறங்கிவிட்டது. இயற்பியல் வாத்தியார் மூன்று முறை போட்டுப் பார்த்தும் அதே விடைதான்.

தூரம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். வேகம் மணிக்குத் தொள்ளாயிரம். ஆக, பதினொரு மணி நேரம். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய அக்காவின் ஊர்க் கடிகாரம் இங்கேயுள்ளதைவிட எட்டு மணி நேரம் பின்தங்கி ஓடும். அக்கா சொன்ன கிளம்பும் நேரம் சனிக்கிழமை காலை பத்து; அங்கே பத்து என்றால் இங்கே மாலை ஆறு. அக்கா சொன்ன இறங்கும் நேரமோ அதே சனிக்கிழமை மதியம் ஒன்று.

"உங்க அக்காகிட்டயே கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"கேட்டா, இன்னும் உனக்குக் கணக்கு வரலையான்னு ஆரம்பிச்சிடுவா. போன வருஷம் பட்டது போதாதா?"

போன வருஷம் அங்கே அக்கா மகளுக்குக் கல்யாணம். விசாவெல்லாம் வாங்கி, வாத்தியார் கணக்குப்படி விமான நிலையம் போனபோது, போக வேண்டிய விமானம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அக்கா நேற்றுதான் தானாகக் கூப்பிட்டாள். இந்த முறையும் பிசகினால் ஆயுசுக்கும் பேச மாட்டாள்.

"அவங்க என்னதான் சொன்னாங்க?"

"டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னா. சனிக்கிழமை, பத்து, ஒண்ணுன்னு நேரம் சொன்னா. மேல என்னமோ சொல்ல வந்தா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு வச்சிட்டேன்."

"யாரையாவது முழுசாப் பேச விட்டிருக்கீங்களா? மெயில்ல டிக்கெட்டு..."

"கொஞ்சம் சும்மா இரு. கணக்கு வந்திடுச்சு. ஒண்ணுங்கறது ஞாயித்துக்கிழமை ஒண்ணு. பத்தொன்பது மணி நேரம்."

"பதினொண்ணுன்னீங்க."

"நடுவுல எட்டு மணி நேரம் எங்கேயோ நிக்குது."

"எங்கே? கடலுக்கு நடுவுலயா?"

அந்தக் கேள்வி வாத்தியார் காதில் விழவில்லை. ஒரு முழு நாள் மிச்சமாகியிருந்தது. அக்கா வருவதற்குள் வீட்டையே புதுசாக்கிவிட முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவுக்கான அறையில் வண்ணம் பூச ஆரம்பித்தார். வண்ணம் துணிகளில் தெறித்தது. வீட்டிலிருந்த அத்தனை துணியையும் ஊறப்போட்டார். காலியான பீரோவில் பாஸ்போர்ட், பத்திரம் என்று எல்லாக் காகிதத்தையும் திணித்துப் பூட்டி, பீரோவுக்கும் வண்ணம் பூசினார். கதவு ஒட்டிக்கொண்டது. பெட்டிகள் இரண்டையும் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்தார்.

"நாளைக்கு உடுத்த என்ன இருக்கு?" என்றாள் மனைவி.

"நாளைக்கு நாம எங்கே போகப்போறோம்?"

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தூரிகையும் கிழிந்த பனியனுமாக வாத்தியார் வெளியே வந்தார்.

"வாத்தியார் வீடுதானே சார்? ஏர்போர்ட் வண்டி."

"ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்களேப்பா. எங்க அக்கா நாளைக்குத்தான்..."

ஓட்டுநர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களைப் பேசவே விடக்கூடாதுன்னு உங்க அக்கா சொல்லியிருக்காங்க சார். நீங்க ரெண்டு பேரும் பத்து மணிக்கு இங்கே பிளைட் ஏறினா, மதியம் ஒண்ணுக்கு அங்கே அவங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."