‘கூட’ என்ற சொல்லின் இறையியல்

மனித குலத்தின் தனிமை, போன வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு, டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்தில் முடிவுக்கு வந்துவிட்டது, பிள்ளையள். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். டெனிஷ் பேப்பர்காரருக்கு இப்படியான பெரிய விசயங்களை எழுத நேரம் கிடைக்கிறதில்லை.

முடித்து வைத்தது எங்கடை தமிழ்க் கிறிஸ்தவ அறிஞர் ஒன்றுகூடல். இக்காஸ்டில் இருந்தும் டோஸ்ட்ருப்பில் இருந்தும் கலாநிதிகள் வந்து இறங்கினார்கள். தலைப்பு: ‘கூட இருத்தல்: தனித்திருப்போரும் திருச்சபையும்’. தலைமை கலாநிதி ஜூலியன். அவர் வாயைத் திறந்தால் மூன்று மொழிகள் வெளியே வரும். அர்த்தம் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

முதல் அமர்வு உச்சத்தில் இருக்கும்போது பேதுரு அண்ணை கதவடியில் வந்து நின்றார். மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்த மனுசன். மனைவி காலமாகிவிட்டா. மகள் லண்டனில்.

“குழப்பிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. பின்னேரம் எனக்குக் கண் ஒப்பரேஷன். மயக்க ஊசி போடுவினமாம். திருப்பிக் கூட்டிக்கொண்டு போக ஒராள் இல்லாட்டில் செய்யமாட்டினமாம். பிறகு அடுத்த வருசம்தான். எங்கடை சனமெல்லாம் இங்கை நிக்குது எண்டு வந்தனான். ஆராவது என்னோடை கூட வருவியளோ?”

சபை சிலிர்த்துப் போனது. ஜூலியன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணை, எவ்வளவு ஆழமான கேள்வி கேட்டிருக்கிறியள் எண்டு உங்களுக்கே தெரியாது!”

“ஆழமில்லைத் தம்பி. பஸ்ஸிலை பத்து நிமிசம்.”

கலாநிதி ஸ்ரெபானி எழுந்தார். “‘கூட’ எண்டதை நாங்கள் அவசரப்பட்டு விளங்கக்கூடாது. கடவுள் எங்களோடை கூட இருக்கிறார். அதிலை பஸ் இல்லை.”

நன்னெறி அறிஞர் செலீனாவுக்கு வேறு கவலை. “ஒருத்தரோடை கூடப் போனால், மற்ற நோயாளியளைக் கைவிட்டதா ஆகாதோ? இது பாரபட்சம்.”

“மற்றவை உங்களைக் கேட்டவையோ பிள்ளை?”

“கேக்கேல்லை அண்ணை. அந்த மௌனம்தான் என்னை வதைக்குது.”

தேநீர் வந்தது. றோல்ஸ் வந்தது. ‘கூட’ என்பது வேற்றுமை உருபா, விசுவாசப் பிரமாணமா என்று ஒரு மணித்தியாலம் அடிபட்ட பிறகு வரலாற்றுத் தீர்மானம் பிறந்தது: ஒருவர் அல்ல, சபை முழுவதுமே பேதுரு அண்ணையோடு கூட இருக்கும். சூம் வழியாக.

அவர் தன் போனில் எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, தனியே பஸ் ஏறினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய திரையில் ஆசுப்பத்திரி தெரிந்தது. முதலில் கூரை. பிறகு ஒரு தாதியின் தாடை. “உங்களோடை ஆர் வந்திருக்கினம்?” என்று அந்தப் பிள்ளை டெனிஷில் கேட்டது.

பேதுரு அண்ணை போனைத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் எல்லாரும் கை அசைத்தோம். சிலருக்குக் கண் கலங்கியது.

“நாங்கள் எல்லாரும் அவரோடை கூட இருக்கிறம்!” ஜூலியன் மூன்று மொழியிலும் முழங்கினார்.

“நல்லது. இதிலை ஆர் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது?”

ஜூலியன் மைக்கை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “நடைமுறைக் கேள்வியள் நாளைய அமர்வு.”

தாதி கையிலிருந்த பட்டியலில் ஒரு பெயரை வெட்டியது. பிறகு போய்விட்டது. திரையில் மறுபடியும் கூரை. கூரைக்குள் இருந்து அண்ணையின் குரல் மட்டும் வந்தது.

“என்னைக் கட்டிலாலை எழும்பச் சொல்லிப்போட்டினம் தம்பி. அடுத்தாள் படுத்திட்டுது.”

ஜூலியன் மைக்கைத் திரும்பவும் போட்டார். “மனம் தளராதேங்கோ அண்ணை! திரையைப் பாருங்கோ. எத்தினை பேர் இருக்கிறம்!”

போன் மெல்லத் திரும்பியது. அவரின் முகம் கிட்ட வந்தது. கண்ணைச் சுருக்கி எங்களை நன்றாகப் பார்த்தார்.

“கூட்டம் தெரியுது தம்பி. கூடத்தான் ஒருத்தரும் தெரியேல்லை.”

பாவம், மனுசனுக்குப் பார்வை முற்றாகப் போய்விட்டது என்று சபை ஒருமனதாக வருந்தியது.