சுருதி சேராத துளசி துரை

உலகத்தில் பக்தியைப் பற்றி அதிகம் படித்த மனிதரும், உலகத்திலேயே மோசமாகப் பாடுகிற மனிதரும் ஒரே ஆள்தான். அந்த ஆள் பெங்களூர் மர்பி டவுனில் என் பக்கத்து அறையில்தான் குடியிருந்தார். இதைச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய நான் தயார். நான்கு வருஷம் அவரோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நார்வே நாட்டுக்காரர். வயது அறுபத்தைந்து இருக்கும். ஆறடியைத் தாண்டிய உயரம் என்பதால் எங்கள் மாடிப்படி வளைவில் தலை இடிக்காமல் அவர் ஏறிய நாள் கிடையாது. இடித்ததும் "கண்ணா!" என்பார். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மணிமாலை, இடுப்பில் கதர் வேட்டி, காலில் மட்டும் அவர் ஊர்ப் பனிக்கென்று தைத்த பூட்ஸ். அவருடைய நிஜப் பெயரைச் சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் நாக்கு வளையவில்லை. மொட்டைமாடியில் காலி பெயிண்ட் வாளிகளில் இருபத்தேழு துளசிச் செடி வைத்து, தினமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லுவார். ஆகவே துளசி துரை. தபால்காரர் உள்பட எல்லோருக்கும் அதுதான் பெயர்.

எங்கள் வீட்டுக்காரர் பிலோமினா ஆன்ட்டி. கீழ்வீட்டில் கணவரோடு இருந்தார். மாடியில் இரண்டு ஒற்றை அறைகள். ஒன்றில் நான், இன்னொன்றில் துரை. வெள்ளைக்காரர் குடி வருகிறார் என்றதும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக ஒரு துணை கிடைத்தது என்று ஆன்ட்டி சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் நாமத்தோடு இறங்கினார்.

"ஏம்பா, அந்தக் காலத்துல எங்க சாமிய இங்க அனுப்புனாங்க, சரி. இப்ப உங்க சாமிய உங்களுக்கே திருப்பி அனுப்புறாங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஆனால் அந்த வருஷக் கிறிஸ்துமஸிலிருந்து துரைக்கென்று முட்டை போடாத கேக் ஒன்று தனியாக வேகத் தொடங்கியது.

துரை தமிழ் கற்றது பல்கலைக்கழகத்தில், பழைய பக்திப் பாடல்களை வைத்து. அதனால் கீரை வாங்கினாலும் சன்னிதியில் நிற்கிற மாதிரியே பேசுவார்.

"ஐயனே, இக்கீரை இன்று பறித்ததோ?"

"காலைலதான் சாமி மாலூர்லருந்து வந்துச்சு. சும்னே கேள்வி கேட்டுக்கினு நிக்காதீங்க, எடுத்துக்கோங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்வார் வண்டிக்காரர். துரை கீரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் பக்தி யோக வகுப்பு. 'யோக' என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பாயும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நிற்பார்கள்.

"ஃபர்ஸ்ட் எந்த ஆசனம் சார்?"

"முதலில் பாயைச் சுருட்டுக."

அடுத்த ஆசனம், மூலையில் சாத்தியிருக்கும் துடைப்பத்தை எடுப்பது. அவரைக்காய் சீசன் என்றால் ஆளுக்கு ஒரு கிலோ காய் உரித்துத் தரவேண்டும். தெருவில் சமைக்க முடியாமல் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு அது போகும். "பிறர்க்காக ஒரு வேலை செய்க. செய்கையில் உன்னை மற. யோகம் முடிந்தது" என்பார். ஒரு பெண், "இதனால தொப்பை குறையுமா சார்?" என்று கேட்டாள். "கோபம் குறையும்" என்றார். பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். மீதிப் பாதி இன்றைக்கும் வருகிறார்கள்.

எல்லாம் சரி, பாட்டுக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜால்ராவைக் கையில் எடுப்பார். பாட்டு ஒரு பக்கம் போகும், ஜால்ரா இன்னொரு பக்கம் போகும், இரண்டும் கடைசியில்கூடச் சந்தித்துக்கொள்ளாது. குரல் மேலே ஏறவேண்டிய இடத்தில் கீழே இறங்கி, இறங்கவேண்டிய இடத்தில் பிடிவாதமாக நிற்கும். நான் அலாரம் வைப்பதை நிறுத்தினேன். எதிர்வீட்டு நாய் மட்டும் கூடப் பாடிப் பார்த்தது; அதற்கே பொறுக்காமல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது.

இத்தனைக்கும் கீழ்வீட்டில் இருந்தது யார் தெரியுமா? ஆன்ட்டியின் கணவர், கோயர் மாஸ்டர். பக்கத்து மாதா கோயில் பாடகர் குழுவை முப்பத்தைந்து வருஷம் கண் பார்வையாலேயே மிரட்டி வைத்திருந்தவர். நல்ல வேளையாக, துரை ஜால்ராவை எடுக்கிற நேரத்துக்கு மாஸ்டர் காலைப் பூசைக்குக் கிளம்பிப் போயிருப்பார். அந்த வீட்டில் சமாதானம் நிலவியதற்கு அதுதான் காரணம்.

பிறகு மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. முடங்கிப்போன வலது கையும் காலும் பாதி சரியாயின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் வந்து, ஆப்பிள் படமும் நாய்ப் படமும் காட்டி, "இது என்ன மாஸ்டர்? சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்பார். நாலு குரல் சேர்ந்து பாடும் பாட்டை மனதுக்குள்ளேயே எழுதுகிற மனிதர், ஆப்பிள் படத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறு மாதம் ஒரு வார்த்தை இல்லை. அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காமல், கீழ்வீட்டுக்குப் போவதையே நான் குறைத்துக்கொண்டேன்.

மாஸ்டரின் இரும்புக் கட்டில் துரையின் அறைக்கு நேர் கீழே கிடந்தது. துரை மேலே பாட ஆரம்பித்தால், மாஸ்டர் இடது கையில் கைத்தடியைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் அடிப்பார். டங், டங், டங். பாட்டு முடிகிறவரைக்கும் அடி விழும். ஒரு நாள் ஆன்ட்டி மாடிக்கு வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்கள மாதிரி ஒரு மனுஷன் கெடைக்க மாட்டாங்க. ஆனா நீங்க பாடுனா அவருக்கு அவ்ளோ கோவம் வருது, கட்டில அடிச்சு அடிச்சு கை செவந்து போவுது. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்க சார்."

"அம்மையே, பிழை என்னுடையது. இக்கணம் முதல் பாடமாட்டேன்."

"பாடாம உங்களால இருக்க முடியாது சார். எனக்குத் தெரியும்."

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆன்ட்டி சொன்ன சொல்லை மாற்றவில்லை. துரைக்கு விசாவை நீட்டிக்க வேண்டிய நேரம் அது. வாடகைப் பத்திரமும் விலாசமும் இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத்தான் போகவேண்டும். அங்கே அவருக்கு இருப்பது ஒரு தங்கை மட்டும். நான்கு வருஷமாக அவருடைய உலகம் மூவாயிரம் புத்தகமும் இருபத்தேழு வாளியும் எங்கள் தெருவும்தான்.

வீடு தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டுக்காரர் விசாரணையைத் தொடங்கினார்.

"நான்வெஜ் உண்டா?"

"இல்லை ஐயா. வெங்காயமும் இல்லை."

"குடி, சிகரெட்டு?"

"இல்லை."

"ரூமுக்கு யாரு வந்து போவாங்க?"

துரை கண்ணை மூடி, உருகி, "கண்ணன் வருவான்" என்றார்.

"பேச்சிலர் ஃப்ரெண்ட்ஸெல்லாம் இங்க அலோ பண்ண மாட்டோம். வேற எடம் பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு இடத்தில் வாளிகளை எண்ணிவிட்டு, தண்ணீர் டேங்கர் கட்டுப்படியாகாது என்றார்கள். ஒன்பது வீடு பார்த்தோம், ஒன்பதும் போயிற்று. துரை புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

பாடமாட்டேன் என்ற வாக்கை மட்டும் அவர் காப்பாற்றினார். ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பார். தலை ஆடும், கண்ணீர் வரும், சத்தம் வராது. நான்கு வருஷமாக இந்த நிம்மதிக்குத்தான் ஏங்கியிருக்கிறேன். கிடைத்தபோது தூக்கம் வரவில்லை.

பாட்டு நின்ற நாலாவது நாள் காலை, கொத்தமல்லி காப்பி வாங்குகிற சாக்கில் கீழ்வீட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். மணி ஐந்தரை. மேலே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் உள் அறையிலிருந்து கேட்டது: டங், டங், டங், டங். ஒரு நிறுத்தம். மறுபடி நான்கு அடி. மறுபடி நிறுத்தம்.

ஆன்ட்டியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "யாரும் பாடவே இல்லையே, யார் மேல கோவம்?" என்றார். இன்னொரு நான்கு அடி விழுந்தது. ஆன்ட்டியின் முகம் மாறிப்போயிற்று.

"இது கோவமில்லப்பா! இது கவுண்ட்டு! கோயர்ல பாட்ட எடுக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் நாலு தட்டு தட்டுவாரு. முப்பது வருஷம் இந்தத் தட்டுக்குப் பாடியிருக்கேன், எனக்கே தெரியாமப் போச்சே! அவரு இத்தன நாளா அடிச்சது தாளம்ப்பா! பாடச் சொல்லிக் கேக்குறாரு!"

மூட்டுவலிக்கார ஆன்ட்டி, என்னை முந்திக்கொண்டு மாடி ஏறினார். "சார், பாடுங்க சார்!"

"அம்மையே, நான் வாக்குக் கொடுத்தவன்."

"வாக்கு குடுத்தது என்கிட்டதானே? நானே சொல்றேன், கீழ வந்து பாடுங்க!"

துரையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். மாஸ்டர் தடியைத் தூக்கினார். டங், டங், டங், டங். துரை ஒரு தட்டு தாமதமாக ஆரம்பித்தார். முதல் வரி எங்கோ போயிற்று. இரண்டாம் வரி அதைத் தேடிக்கொண்டு போயிற்று. மாஸ்டரின் முகம் சிவந்தது, உதடு கோணியது, தொண்டை நரம்பு புடைத்தது. ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார்.

"த... த... தப்பு!"

ஆறு மாதத்தில் முதல் வார்த்தை. ஆன்ட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துரைக்கு மட்டும் அது உறைக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் அல்லவா, விளக்கம் கேட்டார்.

"எவ்விடத்தில் ஐயா?"

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். தடியால் துரையைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை ஒருமுறை காட்டினார்.

"எல்லாம்!"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அன்றைக்கே துரை அட்டைப்பெட்டிகளைப் பிரித்தார். ஆன்ட்டி வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், விசாவும் வந்தது. தினமும் காலை கட்டிலருகே பாடம். ஆப்பிளைச் சொல்லாத மாஸ்டர், "இல்ல", "மறுபடி", "ஐயோ", "நிறுத்து" என்று திட்டுகிற வரிசையிலேயே பேச்சைத் திரும்பப் பெற்றார். பயிற்சி தரும் பெண் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு, "சாமி, இன்னிக்கும் கொஞ்சம் தப்பாப் பாடுறீங்களா?" என்று துரையிடம் கேட்பார். சரியாகப் பாட முயன்றே அதை அவர் சாதித்துவிடுவார்.

"பக்தியின் வழிகள் ஒன்பது" என்று ஒருநாள் துரை என்னிடம் சொன்னார். "கேட்டல் முதலாவது, பாடுதல் இரண்டாவது. நாற்பதாண்டு இதைப் பிறர்க்குக் கற்பித்தேன். முதலாவதை நான் செய்யவே இல்லை."

இதை நான்கு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தால் எங்கள் சுவர் பிழைத்திருக்குமே என்றேன். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

நான் இப்போது சந்தாபுராவில் இருக்கிறேன். சொந்த ஃப்ளாட், விடியற்காலையில் நல்ல நிசப்தம். போன வாரம் மாஸ்டர் போன் செய்தார். துரை தங்கையைப் பார்க்க ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. மாஸ்டருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். காத்திருக்க நான் பழகியிருக்கிறேன்.

"அவன்... எப்ப... வர்றான்?"

"வர்ற வியாழக்கெழம மாஸ்டர்."

பிறகு சொன்னார்.

"வீடு... ரொம்ப... சுருதியா இருக்கு. எனக்கு... புடிக்கல."

வியாழக்கிழமைக்கு நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.